இசைக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கு வயலின் உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பதும் தயார் செய்வதும்

கேள்வியின் சாரம் இது: எட்டு ஆண்டுகள் வயலின் கற்ற ஒரு மாணவி, பிளஸ் டூ முடித்துவிட்டு, கர்நாடக இசைப் பட்டப்படிப்பில் வயலினை முதன்மைப் பாடமாக எடுத்துச் சேர விரும்புகிறார். சேர்க்கைத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. கைவசம் பத்து வர்ணங்களும் (பயிற்சிக்கும் கச்சேரித் தொடக்கத்துக்கும் உரிய உருப்படிகள்) நாற்பது கீர்த்தனைகளும் உள்ளன. எவற்றைத் தயார் செய்வது, தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் ‘எந்தரோ மஹானுபாவுலு’ வாசித்தால் நல்ல எண்ணம் ஏற்படுமா, ராக ஆலாபனை எவ்வளவு நேரம் செய்வது, துணைக்கு மிருதங்கம் அழைத்துச் செல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது கீர்த்தனைகளையும் தேர்வுக்காக மீண்டும் தட்டி எழுப்ப வேண்டாம். இரண்டு வர்ணங்கள், நான்கு கீர்த்தனைகள், ஆலாபனைக்கு இரண்டு ராகங்கள் போதும். ஆனால் அந்த ஆறு உருப்படிகளையும் எந்த இடத்திலிருந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்கவும், எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் தடுமாறாமல் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். கச்சேரித் தயாரிப்புக்கும் சேர்க்கைத் தேர்வுத் தயாரிப்புக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான். கச்சேரியில் உருப்படி தொடங்கினால் முடியும் வரை உங்கள் கையில் இருக்கிறது. தேர்வில் அனுபல்லவி முடிவதற்குள் “போதும்மா, சரணத்தை எடுங்கள்” என்பார்கள். பல்லவியிலிருந்து ஓடி வந்தால்தான் சரணம் விரலுக்கு வரும் என்ற நிலையில் இருக்கும் மாணவர்கள் அந்த ஒரு வாக்கியத்தில் கலங்கிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேர்வின் நடைமுறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் உள்ள அரசு இசைக் கல்லூரிகளானாலும், இசைத் துறை உள்ள கலைக் கல்லூரிகளானாலும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமானாலும், அந்த ஆண்டு அறிவிப்பில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதுவே முடிவானது. அறிவிப்பில் குறிப்பிட்ட உருப்படி வகை ஏதேனும் இருந்தால், நான் இங்கே சொல்வதை ஒதுக்கிவிட்டு முதலில் அதைத் தயார் செய்யுங்கள். இனி நான் சொல்லப்போவது, “ஒரு வர்ணம், ஓரிரு கீர்த்தனைகள், கொஞ்சம் மனோதர்மம் (அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பது)” என்ற பொதுவான எதிர்பார்ப்பை வைத்து.

தேர்வில் மிக அதிகமாக எடைபோடப்படுவது வர்ணம்தான். மாணவர்கள் மிகக் குறைவாகக் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான். சிறு வயதில் கற்றது, தினமும் கை பழக வாசிப்பது, ஆகவே அது தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. ஆனால் சுருதி, கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது), வில், காலப்பிரமாணம் (வேகத்தின் சீர்மை) ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் காட்டிக்கொடுப்பது வர்ணத்தைப் போல வேறொன்றில்லை. முதல் இரண்டு ஆவர்த்தனங்களிலேயே (தாளச் சுற்றுகளிலேயே) கேட்பவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

ஓர் ஆதி தாள வர்ணமும் ஓர் அட தாள வர்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியில் இராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காரின் மோகன வர்ணம் ‘நின்னுகோரி’ எல்லோரும் அறிந்தது. எளியது என்று அதை ஒதுக்க வேண்டாம். மோகனத்தின் காந்தாரத்தையும் தைவதத்தையும் அசைக்க வேண்டிய இடத்தில் அசைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பது எளிதன்று. அட தாளத்தில் பச்சிமிரியம் ஆதியப்பையாவின் பைரவி வர்ணம் ‘விரிபோணி’ இருக்கிறது. ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு என்று பதினான்கு எண்ணிக்கைகள் கொண்ட தாளத்தில் நிலையாக நிற்கிறீர்களா என்பது அதில் தெரியும். பைரவியில் ஏறும்போது சற்று உயர்ந்த சதுஸ்ருதி தைவதமும் இறங்கும்போது தாழ்ந்த சுத்த தைவதமும் வருவதால், விரல் அந்த இரண்டு இடங்களையும் குழப்பாமல் பிடிக்கிறதா என்பதும் தெரியும். இறங்கும் பிரயோகங்களில் சுத்த தைவதம் கொஞ்சம் ஏறிப்போனால் பைரவியின் முகமே மாறிவிடும். வீணையில் போல விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் வயலினில் இல்லை. காதுதான் விரலுக்கு வழிகாட்டி என்பதால் இந்த ஓர் இடத்தைத் தேர்வுக் குழுவினர் கூர்ந்து கேட்பார்கள்.

இரண்டு காலம், அதாவது இரண்டு வேகங்களில், வாசிக்கச் சொல்வது வழக்கம். தாளம் மாறாமல் அப்படியே நிற்க, ஸ்வரங்கள் மட்டும் இரட்டிக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டாம் காலத்தை இன்னொரு வேகமாக மட்டுமே வாசிக்கிறார்கள். அது முதற்காலத்தின் சரியான இரட்டிப்பாக இருப்பதில்லை. முதற்காலத்தை இழுத்தும் இரண்டாம் காலத்தைத் துரத்தியும் வாசிப்பதால், தாளம் போடுகிறவர் நடுவில் கையை மாற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் இரண்டாம் காலத்தில் எந்த வேகம் உங்கள் கைக்குத் தெளிவாக வருகிறது என்று பாருங்கள். அதில் பாதியை முதற்காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதற்காலத்தில் தொடங்கிவிட்டு இரட்டிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று காத்திருக்க வேண்டாம். ஒற்றைப்படை ஆவர்த்தனங்கள் கொண்ட பகுதி இரண்டாம் காலத்தில் அரை ஆவர்த்தனத்தில் முடியும் என்பதையும், அதை இருமுறை வாசித்துச் சமத்துக்கு (தாளச் சுற்றின் தொடக்கத்துக்கு) வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்து வையுங்கள். இரண்டாம் காலத்தில் கமகங்கள் எல்லாவற்றையும் முதற்காலத்தில் போலவே அசைக்க முடியாது; எதைச் சுருக்குவது, எதைத் தட்டிவிட்டுப் போவது என்பதை உங்கள் ஆசிரியரிடம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வரமாக முடிவு செய்யுங்கள். இந்த முடிவு எடுக்கப்படாத வர்ணத்தில் இரண்டாம் காலம் தட்டையாக, ஆர்மோனியத்தில் வாசித்தது போல் கேட்கும்.

வயலின் வாசிப்பவர் கையால் தாளம் போட முடியாது என்பதால், உள்ளே தாளம் ஓடுகிறதா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும். வர்ணத்தை அலைபேசியில் பதிவு செய்து, மறுநாள் அதைக் கேட்டுக்கொண்டே தாளம் போட்டுப் பாருங்கள். வாசிக்கும்போது தெரியாத ஓட்டமும் பின்தங்கலும் தாளம் போடும் கைக்கு உடனே தெரியும். தேர்வில் முழங்காலையோ பாதத்தையோ ஆட்டித் தாளம் வைத்துக்கொள்வதைத் தவிருங்கள். வயலினின் சுருள் முனை வலது கணுக்காலில்தான் தாங்கி நிற்கிறது, கால் ஆடினால் கருவியும் ஆடும், வில் தந்தியில் நிற்காது.

கீர்த்தனைகளுக்கு வருவோம். நான்கு கீர்த்தனைகளைத் தேர்ந்தெடுக்கும்போது ராகம், தாளம், காலப்பிரமாணம் மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும். வர்ணத்தின் ராகம் கீர்த்தனையில் திரும்ப வரவும் கூடாது. ‘நின்னுகோரி’யும் ‘விரிபோணி’யும் வர்ணங்களாக இருந்தால், கீர்த்தனைகளுக்கு நான் பரிந்துரைப்பது இப்படி: விறுவிறுப்பாக ஒன்று, ஜயந்தஸ்ரீ ராகத்தில் தியாகராஜரின் ‘மருகேலரா’, தமிழில் ஒன்று, ஆபோகி ராகம் ரூபக தாளத்தில் கோபாலகிருஷ்ண பாரதியின் ‘சபாபதிக்கு’, மெதுவான விளம்ப காலத்தில் ஒன்று, சங்கராபரணம் மிஸ்ர சாப்பில் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் ‘அக்ஷயலிங்க விபோ’, ஆலாபனையும் ஸ்வரமும் சேர்த்து வாசிக்க ஒன்று, கல்யாணி ராகம் ஆதி தாளத்தில் தியாகராஜரின் ‘ஏதாவுனரா’. இவை உங்களுக்குப் பாடம் ஆகியிருக்கவில்லை என்றால் இப்போது புதிதாகக் கற்க வேண்டாம். இதே அமைப்பில் உங்கள் நாற்பதிலிருந்து எடுங்கள். ஹம்சத்வனியில் ‘வாதாபி கணபதிம்’ நல்ல உருப்படிதான், ஆனால் தேர்வு நாளில் காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கும் குழுவின் முன் அதை வாசிப்பதற்கு அசாத்தியத் தெளிவு வேண்டும்.

‘எந்தரோ மஹானுபாவுலு’ வேண்டாம் என்பது என் கருத்து. நீளம் ஒரு காரணம்: பல்லவி, அனுபல்லவி, பத்துச் சரணங்கள் என்று போகும் உருப்படியை யாரும் முழுவதும் கேட்கப் போவதில்லை. அதைவிட முக்கியமான காரணம் வாத்தியம் சார்ந்தது. அதன் சரணங்களில் ஸ்வரத்தைப் பாடிவிட்டு அதே மெட்டில் சாகித்யத்தை (பாட்டின் சொற்களை) பாடுவார்கள். குரலில் இது இரண்டு வெவ்வேறு அனுபவங்கள். வயலினில் இரண்டு முறையும் ஒரே மெட்டுதான் கேட்கும். அதை வேறுபடுத்திக் காட்டும் வில்லாட்சி அனுபவசாலிகளுக்கே கடினம். இவ்வகையில் பெரிய உருப்படி ஒன்றை வாசித்தே தீர வேண்டும் என்று ஆசைப்பட்டால், சியாமா சாஸ்திரிகளின் பைரவி ஸ்வரஜதி ‘அம்ப காமாக்ஷி’யைச் சரணத்துக்கு ஒருமுறை என்று வாசியுங்கள். அதன் எட்டுச் சரணங்கள் ஸ, ரி, க, ம, ப, த, நி, ஸ என்று ஏறுவரிசையில் ஒவ்வொரு ஸ்வரத்தில் தொடங்குகின்றன. பைரவி முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது; “பஞ்சமச் சரணத்திலிருந்து வாசியுங்கள்” என்று குழுவினர் கேட்பதற்கும் வசதி. அப்படிச் செய்தால் இரண்டாவது வர்ணத்தைப் பைரவியிலிருந்து மாற்றிவிடுங்கள்; கானடாவில் அட தாள வர்ணம் ‘நேர நம்மிதி’ இருக்கிறது.

வாத்திய மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்: சாகித்யம். வயலினில் வாசிப்பதானாலும் கீர்த்தனையின் வரிகள் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். தாளம் போட்டுப் பாடவும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் வில்லை எங்கே திருப்புவது என்பதைச் சாகித்யம்தான் முடிவு செய்கிறது. ‘அக்ஷயலிங்க விபோ’ என்ற தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘லிங்க’ என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வில்லைப் புதிதாக அழுத்தித் திருப்பினால், சொல் இரண்டாக உடைந்து கேட்கிறது. ‘விபோ’வின் நெடில் நீளும்போது வில் போதாமல் நடுவில் திரும்பினால், அங்கே இல்லாத ஓர் எழுத்து முளைக்கிறது. பாட்டு தெரிந்தவர் காதில் இது உடனே உறுத்தும். வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனின் வாசிப்பில் சாகித்யமே கேட்கிறது என்று ரசிகர்கள் சொல்வதற்குக் காரணம் இந்த வில் ஒழுங்குதான். எனவே நான்கு கீர்த்தனைகளையும் ஒரு தாளில் எழுதி, எந்த எழுத்தில் வில் கீழே வருகிறது, எந்த எழுத்தில் மேலே போகிறது, எந்த நெடிலுக்கு முன் வில்லைச் சேமிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தாலே வாசிப்பின் தரம் கேட்கும்படி மாறும். பிறகு குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம், கைக்குப் பழகிவிடும்.

சங்கதிகளைப் பற்றி, அதாவது ஒரே வரியைப் படிப்படியாக மாற்றி வாசிக்கும் வகைகளைப் பற்றி, ஒரு சொல். உங்கள் ஆசிரியரின் பாடாந்தரத்தில் (அவர் கற்பிக்கும் வடிவத்தில்) என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசியுங்கள். யூடியூபில் ஒரு வித்வானிடமிருந்து இரண்டு சங்கதி, இன்னொருவரிடமிருந்து ஒன்று என்று சேர்த்துக்கொண்டு வருகிறவர்களின் கீர்த்தனை ஒட்டுப்போட்டது போல் நிற்கிறது. சங்கதிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வளராமல் குதிக்கின்றன. பரூர் என்ற வயலின் மரபில் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் வாசித்த வேகப் பிரயோகங்களைக் கேட்டுவிட்டு இரண்டே மாதத்தில் அதைக் கைக்குக் கொண்டுவர முயல்வதும் அப்படித்தான். கேட்க வேண்டியதுதான், தேர்வுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

மனோதர்மத்தில் குழுவினர் உங்களிடம் மேதைமையை எதிர்பார்ப்பதில்லை. ராகம் தெரிந்து வாசிக்கிறீர்களா, கீர்த்தனையின் சங்கதிகளைத் துண்டுதுண்டாக வெட்டி வாசிக்கிறீர்களா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆலாபனைக்குக் கல்யாணியும் மோகனமும் போதும்; விருப்பமிருந்தால் காம்போதியைச் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு நிமிடம் வாசிக்கும் ஆலாபனை ஒன்றையும், ஒரே நிமிடத்தில் ராகத்தை அடையாளம் காட்டும் ஆலாபனை ஒன்றையும் தனித்தனியாகப் பழகுங்கள். “சுருக்கமாக” என்று சொன்னவுடன் நான்கு நிமிட ஆலாபனையை வேகமாக வாசிப்பது சுருக்கம் ஆகாது. ஒரு நிமிட ஆலாபனையில் முதல் பிடியிலேயே ராகம் வெளிப்பட வேண்டும். காம்போதியில் ‘ம க ப த ஸ’ என்ற ஏற்றமும், ‘ஸ நி ப த ஸ’ என்ற இடத்தில் வரும் உயர்ந்த நிஷாதமான காகலி நிஷாதமும் அதைச் செய்துவிடும். ஆபோகி வாசிக்கச் சொன்னால் நிஷாதத்தின் நிழல்கூட விழக் கூடாது. விழுந்தால் ஸ்ரீரஞ்சனி எட்டிப் பார்க்கும். இதே போல் ஸ்ரீ ராகமும் மத்தியமாவதியும் ஏற்றத்தில் ஒன்றாகவே போகின்றன. இறக்கத்தில் ‘ரி க ரி ஸ’ என்று வரும் காந்தாரம்தான் ஸ்ரீயைப் பிரித்துக் காட்டுகிறது. நீங்கள் வாசிக்கும் ராகத்துக்கு அடுத்த வீட்டு ராகம் எது, எந்தப் பிடியில் இரண்டும் பிரிகின்றன என்று வாய்மொழியாகவும் கேட்பார்கள்.

ஆலாபனையில் வயலின்காரர்களுக்கு உரிய ஒரு பலவீனம், எல்லா இடத்தையும் நிரப்புவது. வில் ஓடிக்கொண்டே இருப்பதால் மூச்சுவிடும் இடைவெளி தானாக வருவதில்லை. ஒவ்வொரு சஞ்சாரத்தையும் ஒரு நியாஸ ஸ்வரத்தில் (ராகம் தங்கி நிற்கும் ஸ்வரத்தில்) நிறுத்தி, சுருதியைக் கேட்டு, பிறகு அடுத்ததை எடுங்கள். மந்திர ஸ்தாயியைத் தொடாமல் மேலேயே சுற்றுவதும் பொதுவான குறை. ஸ, ப, ஸ, ப என்று நான்கு தந்திகளைச் சுருதி சேர்த்திருக்கும் வாத்தியத்தில் கீழ் இரண்டு தந்திகளின் நாதத்தைக் கேட்கவே விடாமல் எழுந்து வருவது வீண்.

கற்பனை ஸ்வரத்துக்கு முதலில் எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, கவனியுங்கள். எடுப்பு சமத்தில் இருக்கும் ஒரு கீர்த்தனையை ஸ்வரத்துக்கு வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரங்கள் என்றால் ஆவர்த்தனத்துக்கு 32. ஆறு ஸ்வரங்கள் கொண்ட ஒரு கோர்வைத் துண்டை (முடிவுக்காகக் கணக்கிட்டு அமைத்த பகுதியை), நடுவில் ஒவ்வொரு ஸ்வர அளவு கார்வை (நீட்டி நிற்கும் இடைவெளி) விட்டு, மூன்று முறை வாசித்தால் 6, 1, 6, 1, 6 என்று 20 ஆகிறது. மீதி 12, அதாவது மூன்று எண்ணிக்கைகள். ஆகவே தட்டு, சுண்டு விரல், மோதிர விரல் கழிந்து நடு விரல் விழும் இடத்தில் கோர்வையைத் தொடங்கினால் சரியாகச் சமத்தில் வந்து சேரும். இப்படி ஒன்றை முழுமையாகப் புரிந்து, எந்த ராகத்திலும் பொருத்தத் தெரிந்து வைத்திருந்தால் போதும். எங்கோ கேட்டு மனப்பாடம் செய்த நீண்ட கோர்வை ஓர் இடத்தில் பிசகினால், அதிலிருந்து மீளும் வழி உங்களுக்குத் தெரியாது. முத்தாய்ப்பு (கணக்கிட்ட முடிவு) வைக்காமல் எளிய ஸ்வரங்களோடு எடுப்புக்குத் திரும்பி வந்தால் யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

வாய்மொழிக் கேள்விகளுக்கு அதிகம் அஞ்ச வேண்டாம். நீங்கள் வாசிக்கும் உருப்படிகளின் ராகம் எந்த மேளத்தில் (தாய் ராகத்தில்) பிறந்த ஜன்யம், ஆரோகண அவரோகணம், தாளத்தின் அங்கங்கள், இயற்றியவர் யார், பாட்டில் அவர் வைத்த முத்திரைச் சொல் எது என்று தெரிந்திருந்தால் பெரும்பகுதி முடிந்தது. மோகனமும் காம்போதியும் 28ஆம் மேளமான ஹரிகாம்போதியில் பிறந்தவை, பைரவி 20ஆம் மேளமான நடபைரவியில், ஆபோகி 22ஆம் மேளமான கரஹரப்ரியாவில் பிறந்தவை. கல்யாணி 65ஆம் மேளம், சங்கராபரணம் 29. ஒரு வரியைப் பாடச் சொல்வதும் உண்டு. குரல் இனிமையைப் பற்றிக் கவலைப்படாமல் சுருதியோடு பாடினால் போதும்.

மிருதங்கத்தைப் பொறுத்தவரை, அறிவிப்பில் பக்கவாத்தியம் கொண்டு வரச் சொல்லியிருந்தாலன்றி அழைத்துச் செல்லத் தேவையில்லை. குழுவில் ஒருவர் தாளம் போட்டுக்கொண்டு கேட்பார். ஆனால் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மிருதங்கத்தோடு சில முறை வாசித்துப் பழகுவது மிகவும் பயன்படும். அதுவரை தெரியாத காலப்பிரமாணக் குறைகள் அங்கே வெளிப்படும். சுருதிப் பெட்டியை உங்களுடையதாகவே எடுத்துச் செல்லுங்கள். அறையில் இருக்கும் தம்புராவின் சுருதிக்கு மாற வேண்டி வந்தால், ஒரு கட்டை ஏற்றியவுடன் தந்திகள் நிலைகொள்ளாமல் இறங்கிக்கொண்டே வரும், தந்தி அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. புதுத் தந்தி போடுவதாக இருந்தால் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுவிடுங்கள். குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் சுருதி விலகும் என்பதால், குழுவினர் முன் உட்கார்ந்து ஒரு நிமிடத்துக்குள் சுருதி சேர்க்கும் பழக்கத்தையும் வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பொறுமையாகவும் சரியாகவும் சுருதி சேர்க்கும் மாணவியைப் பற்றி, வில் வைக்கும் முன்பே ஒரு நல்ல மதிப்பு உருவாகிவிடுகிறது.

மூன்று மாதங்களை இப்படிப் பிரிப்பேன்: முதல் மாதம் முழுவதும் வர்ணங்களுக்கும் வில் குறிப்புக்கும், இரண்டாவது மாதம் கீர்த்தனைகளுக்கும் ஆலாபனைக்கும், மூன்றாவது மாதத்தில் வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, அவர் விருப்பப்படி ஓர் உருப்படியின் பெயரையும் பகுதியையும் சொல்லச் சொல்லி வாசிப்பது. இசை தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, “அனுபல்லவி, இரண்டாம் காலம்” என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும். அந்தக் காகிதத்தையே தேர்வு நாளிலும் பயன்படுத்தலாம்: ஆறு உருப்படிகளின் பெயர், ராகம், தாளம், இயற்றியவர், ஆலாபனைக்கு உரிய ராகங்கள் ஆகியவற்றைத் தெளிவான கையெழுத்தில் எழுதி, குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். பட்டியலில் உள்ளவற்றிலிருந்துதான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆகவே அரைகுறையாகத் தெரிந்த ஓர் உருப்படியின் பெயரைக்கூட எண்ணிக்கைக்காக அதில் சேர்க்க வேண்டாம்.